பள்ளத்துப் பங்களாவில் ஆறு நாள்

மாமல்லபுரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தூரத்தில் ஆறு நாள் தங்கியிருந்தேன். அந்தக் கல் கோயில்களை நான் பார்க்கவில்லை. மலேயாவில் ஈப்போவுக்குத் திரும்பியதும் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமலா வந்தாய் என்றார்கள். பார்க்கவில்லை. கார் மணலில் புதைந்துவிட்டது. அதற்குப் பிறகு பார்க்கவும் தோன்றவில்லை.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது தரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கப்பலை விட்டு இறங்கி மூன்று நாளாகியும் அந்த ஆட்டம் காலைவிட்டுப் போகவில்லை. கண்ணில் ரயில் கரி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி ஒன்று வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஸ்டேஷன் ஓட்டலில் காப்பி கேட்டேன். எங்கள் ஊரில் சீனர் கடைக் கறுப்புக் கோப்பிக்குப் பழகிய நாக்குக்கு அது பாயசம் மாதிரி இருந்தது. ஆனாலும் இரண்டு தம்ளர் குடித்தேன். உட்கார்ந்திருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

என் பெயர் லூர்துமேரி. ஈப்போவில் நர்ஸாக இருக்கிறேன். வயது முப்பத்து நான்கு. நான் ஊர் பார்க்க வரவில்லை. என் அக்காவை அழைத்துப் போக வந்தேன்.

எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனார்கள். அக்கா சவேரிக்கு அப்போது ஒன்பது. அவள் மட்டும் வரவில்லை. எங்கள் பெற்றோர் கூலி வேலை பார்த்த வெள்ளைக்காரர் பங்களாவிலேயே, துரைசானியின் குழந்தைக்கு விளையாட்டுத் துணையாக இருந்துவிட்டாள். அவள் பெயரை எடுத்தாலே அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. எனக்கு எழுத்துத் தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல அக்காவுக்குக் கடிதம் எழுதி வந்தேன். அக்காவிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. செங்கல்பட்டு சர்ச்சின் பங்குச் சாமியார் மட்டும் எப்போதாவது எழுதுவார்: சவேரி சுகம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதே பங்களாவில்தான் இருக்கிறாள், பங்களா இப்போது ஓட்டலாகிவிட்டது.

சென்ற வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நாம் ஒரு வேலையை முடித்துவிட்டு வரலாம். ஒரு சாயங்காலம் முழுக்கப் பாடுபட்டு அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பொறப்பட்ட அன்னிக்கு அவ குளிக்கிற வூட்ல ஒளிஞ்சிகினு இருந்தா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் வந்தேன். அவகிட்ட சொல்லு. கூட்டிகினு வா."

பெற்ற பெண் ஒளிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து அழைத்து வராமல் கப்பலேறினேன் என்பதை அந்தப் பெண்ணிடமே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, கூட வா என்றும் கேட்க வேண்டும். முதலாவதைச் சொன்னால் இரண்டாவது நடக்காது என்று கப்பலில் ஏழு நாளும் நினைத்துக்கொண்டே வந்தேன். தூக்கமும் இல்லை.

திருக்கழுக்குன்றம் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஐந்தாறு மைல் போனதும் முன்னால் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. டிரைவர் நிதானமாக இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"ஏரிக்குப் போய் தண்ணி மொண்டுகினு வரணும்மா. அது குடிச்சாத்தான் நவுரும். உனுக்கு எங்க போவணும்?"

சொன்னேன்.

"பள்ளத்து பங்களாவா? தொ, அந்த ரெண்டு மலைக்கும் நடுவுல கீது பாரு. வண்டி ரெடியாவறதுக்குள்ள நீ நடந்தே பூடுவ."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த வெயில் எங்கள் ஊர் வெயிலைப் போல் இல்லை. எங்களுக்குப் பிற்பகலானால் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிடும். இங்கே வெயில் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

ஈப்போவும் மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர்தான். ஆனால் எங்கள் சுண்ணாம்பு மலைகள் செங்குத்தாக நின்று, மேலெல்லாம் காடு கட்டியிருக்கும். இங்கே இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைக் குன்றுகள். நடுவே பள்ளத்தில் புளியமரமும் மாமரமும் கூடி நிழலாயிருந்தது. அந்த நிழலுக்குள் பங்களா. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருத்த தூண்கள், பச்சைச் சாயம் உரிந்த மரச் சன்னல்கள், மேலே காரை பெயர்ந்து செங்கல் தெரிகிற கைப்பிடிச் சுவர். எங்கள் அப்பா இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். அம்மா சாணி அள்ளியவள். முன்வாசல் படியில் எங்கள் குடும்பத்தில் முதலில் கால் வைத்தது அநேகமாக நான்தான். பெருமையாக இருந்திருக்க வேண்டும். கால் வலி மட்டும்தான் இருந்தது.

மேனேஜர் ஜகந்நாதன் கழுத்துப் பொத்தான் வரை போட்ட கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் ஒப்பிக்கிற கதையை என்னிடமும் ஒப்பித்தார். சதுரங்கப்பட்டினத்திலிருந்த டச்சு வியாபாரி ஒருவன் கடற்கரைப் புழுக்கம் தாங்காமல் கட்டியது. இருநூறு வருஷம் இருக்கும். பிறகு இங்கிலீஷ்காரர்கள் பலர் கை மாறியது. சுதந்திரம் வந்தபின் செங்கல்பட்டு ரைஸ் மில் முதலாளி ஒருவர் வாங்கி ஓட்டலாக்கியிருக்கிறார். நான் ரிஜிஸ்தரில் 'மிஸ் எல். மேரி' என்று எழுதினேன். அவர் அதைத் திருப்பி வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"மிஸ் மேரி. ஈப்போ, மலேயா. அடேயப்பா, ரொம்ப தூரம். ஆயா, அம்மாவை மேல் ரூமுக்கு அழைச்சிட்டுப் போ."

மாடிப் படியின் அடியில் வெள்ளைப் புடவையில் ஒருத்தி நின்றிருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. நெற்றி, காது, அந்தக் காது மடலில் கம்மல் இல்லாத பெரிய துளை வரை அப்படியே என் அம்மா. அவள் வந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இப்டி வாம்மா. படி ஒசரம், பாத்து வா."

மேலே அறையில் பெட்டியை வைத்துவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். நான், "வெந்நீர் கிடைக்குமா?" என்றேன்.

அன்றிரவு சாப்பாடு நீளமான மேஜையில். சூப் என்று பெயர் சொல்லி மிளகு போட்ட தண்ணீர் வந்தது. பிறகு கட்லெட். எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. கோயில் சிற்பங்களைப் பார்க்க வந்தவர்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. "குளிக்கிற தண்ணீர் பத்து நிமிஷத்தில் வரும் என்றானே" என்றாள் மனைவி. "வீடு இருநூறு வருஷத்துக் கணக்கில் ஓடுகிறது, கண்ணே. பொறுத்துக்கொள்" என்றான் கணவன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பு இல்லை.

மறுநாள் பத்து மணி வரை தூங்கினேன். அக்கா ரொட்டியும் ஜாமும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டை எடுக்க வந்தவள் பார்த்துவிட்டு, "இது உனக்கு ஒத்துக்காது. கூழு கீது. சாப்புடுவியா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் வந்தன. பித்தளைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். அம்மா ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் காய்ச்சுகிற அதே பதம், அதே உப்பு. அவள் சன்னலோரம் நின்று நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மேனேஜர் கீழேயிருந்து மணியடித்தார். "தொ வரேன்" என்று போய்விட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பிற்பகல் பின்கட்டுப் பக்கம் நடந்தேன். சமையலறைக்கு அப்பால், மாமரத்துக்குக் கீழே, ஓடு வேய்ந்த சிறு கட்டடம். அதுதான் குளிக்கிற வீடு. இப்போது விறகு போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு பெரிய கல் தொட்டி, விளிம்பு உடைந்து கிடந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடம்தான். ஒன்பது வயதுப் பெண் ஒடுங்கி உட்காரலாம். கதவருகே நின்று பார்த்தால் எதுவும் மறையாது. அம்மா பார்க்காமல் இருந்திருக்கவே முடியாது. இதை நேரில் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சமையலறை வாசலிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அங்க தேளு இருக்கும். வந்துடும்மா."

மூன்றாம் நாள் நான் செய்தது கோழைத்தனம். எனக்குப் பதிலாகச் சாமியாரைச் சொல்லச் சொல்லலாம் என்று செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். அக்காவுக்குக் கடிதங்களைப் படித்துக் காட்டியவர் அவர்தான். அந்தப் பேச்சு அவர் வாயில் கொஞ்சம் மெத்தென்று வரும் என்று நினைத்தேன். ரோட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றும் பஸ் வரவில்லை. சென்னைக்குப் புடவை வாங்கப் போகிற ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியிருந்த மாட்டு வண்டியில் கடைசியில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். ஜாக்கெட்டெல்லாம் செம்மண். செங்கல்பட்டு சர்ச்சில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை மெழுகுவத்தித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சாமியாரா? செய்யூரு பக்கம் கிராமத்துக்குப் போயிருக்காரும்மா. ஞாயித்துக்கெழம பூசைக்குத்தான் வருவாரு. இன்னா விசயம், எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிடறேன்."

அவரிடம் சொல்ல முடியாது என்றேன். திரும்பும்போது ஒரு ஜட்கா கிடைத்தது. குதிரை பாதி வழியில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. வண்டிக்காரர் இறங்கி அதன் காதில் ஏதோ நயமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் வண்டியோடு கூடவே நடந்தோம். பங்களாவுக்கு வந்தபோது அக்கா என் காலைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

நாலாம் நாள் வெள்ளைக்காரத் தம்பதி வாடகைக் கார் ஒன்று வரவழைத்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினம் கோட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே கடலோரமாக மாமல்லபுரம் போவதாக ஏற்பாடு. இடம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்று மேனேஜர் மூலமாக என்னை அழைத்தார்கள். சாப்பாட்டுக் கூடையைப் பார்த்துக்கொள்ள மேனேஜர் அக்காவையும் ஏற்றிவிட்டார். பின் சீட்டில் அந்த அம்மாள், நான், அக்கா. மடியில் கூடையை வைத்துக்கொண்டு அக்கா கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

கோட்டை என்றால் செங்கல் சுவர் மட்டும்தான் பாக்கி. உள்ளே ஆடு மேய்ந்தது. ஒரு பக்கம் டச்சுக்காரர்களின் கல்லறைகள், கல்லில் பூவேலையும் கப்பலும் செதுக்கி அழகாகத்தான் இருந்தன. பங்களாவைக் கட்டியவன் பெயரைக் கணவன் ஒவ்வொரு கல்லாகத் தேடினான். மனைவி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். "இவளுக்கு இருபத்திரண்டு வயது. இந்தக் குழந்தைக்கு மூன்று. இதற்கு ஒன்று. இவர்கள் எதற்காக இங்கே வந்தார்கள்?" கணவன் அடுத்த கல்லுக்குப் போய்விட்டான். வியாபாரியின் பெயர் கடைசி வரை அகப்படவில்லை.

அங்கிருந்து வடக்கே மணல் பாதையில் ஒரு மைல் போயிருப்போம். கார் முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல் உறுமிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார்.

"சக்கரம் உள்ள பூட்ச்சி. மாடு கட்டித்தான் இஸ்துகினு வரணும். பேஜாரா போச்சு."

அவர் குப்பத்தில் மாடு கேட்கப் போனார். தம்பதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடலில் கால் நனைக்கப் போனார்கள். நானும் அக்காவும் சவுக்கு நிழலில் உட்கார்ந்தோம். அவர்களுக்கான ரொட்டிப் பொட்டலத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, கூடையின் அடியிலிருந்து ஒரு தூக்கை எடுத்தாள். புளிச்சோறும் வறுத்த சங்கரா மீனும். இலையில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"துன்னு, லூர்து."

அந்தப் பெயரை நான் இந்த ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது.

"எப்போ தெரிஞ்சிது?"

"நீ படியேறும்போதே. ஈப்போன்னு மேனேஜரு படிச்சாரு. அம்மா மாதிரியே எடது தோள சாச்சிகினு வேற நடந்த."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். நீ மூணு நாளா வெந்நீரு, வெந்நீருன்னே கேட்டுகினு இருந்த."

நான் அழுதேன். அவள் அழவில்லை. மீனில் முள்ளை எடுத்து எடுத்து என் இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாமியாரு படிச்சி சொல்வாரு. பதிலு இன்னா சொல்லட்டும்னு கேப்பாரு. இன்னா சொல்றது. ஒண்ணும் தோணாது. வந்துடுவேன்."

அம்மாவுக்கு வந்த பக்கவாதத்தைச் சொன்னேன். எந்தப் பக்கம், சோறு இறங்குகிறதா, படுக்கைப் புண் இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரர்கள் கேட்பதைவிட நல்ல கேள்விகள். பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அம்மா சொன்ன அதே வார்த்தைகளில்தான் சொல்ல முடிந்தது. அன்னிக்கு நீ குளிக்கிற வீட்டில் ஒளிந்திருந்ததைப் பார்த்தாளாம். பார்த்துவிட்டுத்தான் வந்தாளாம்.

அக்கா முள் எடுப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

கடல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"எனக்குக் கப்பலுன்னா பயம். அக்கரைக்குப் போன புள்ளைங்க செத்துப் பூடுதுன்னு சமையக்காரன் சொல்லிகினு இருப்பான். இங்க துரைசானி வூட்ல வேளைக்கு சோறு. அதான் தொட்டிக்குப் பின்னால குந்திகினேன். காலைலேர்ந்து எல்லாரும் கூப்புட்டாங்க. அப்புறம் அம்மா வந்து கதவத் தொறந்துச்சு. என்னப் பாத்துச்சு. நானும் பாத்தேன். ஒண்ணும் சொல்லல. கதவ சாத்திட்டுப் பூட்ச்சி. அப்புறம் வண்டி போற சத்தம் கேட்டுச்சு."

"உனக்காகத்தான்கா சாத்தியிருப்பா."

"நீ அப்ப ரெண்டு வயசுப் புள்ள. உனக்கு இன்னா தெரியும்." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "இந்தப் புள்ள இங்கியே பொழச்சிக்கட்டும்னு சாத்துச்சா, ஒரு வாயி கொறஞ்சா போதும்னு சாத்துச்சா. நான் இத்தன வருசமா நெனச்சிகினே கீறேன். ஒரு நாளு இப்டி தோணும், ஒரு நாளு அப்டி தோணும்."

நர்ஸ் வேலையில் ஆறுதல் சொல்வது கைப்பழக்கம்.  அன்றைக்கு, கூட வருகிறாயா என்று மட்டும்தான் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் இரண்டு ஜோடி மாடும் ஏழெட்டு ஆட்களுமாக வந்துவிட்டார். காரை வெளியே இழுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கயிறு இரண்டு தடவை அறுந்தது. வெயில் சாய்ந்துவிட்டதால் மாமல்லபுரம் வேண்டாம், திரும்பிவிடலாம் என்றார்கள். யாரும் மறுக்கவில்லை.

வழியில் நானும் அக்காவும் பேசவில்லை. இனி மேலே பேச முடியாத அளவுக்குக் களைத்திருந்தோம். எங்களோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் முன்னால் சாய்ந்து கணவனிடம் தணிந்த குரலில் சொன்னாள். "பின்னால் பார். இரண்டு பேருக்கும் ஒரே முகஜாடை. ஆனால் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை." முன் சீட்டில் இருந்த கணவன், "ஓட்டலில் தங்க வந்தவளுக்கும் வேலைக்காரிக்கும் பேச என்ன இருக்கும்?" என்றான். அக்காவுக்கு இங்கிலீஷ் புரியும். முப்பது வருஷம் துரைமார் வீட்டில் இருந்தவள். அவள் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

ஐந்தாம் நாள் அவள் என் அறைக்கு வரவில்லை. பெருக்குகிற பெண்தான் காப்பி கொண்டுவந்தாள். ஆயா எங்கே என்றேன். "துணி எண்ணிகினு கீறாங்க" என்றாள். மத்தியானம் கேட்டேன். "ஜன்னலு தொடச்சிகினு கீறாங்க." கீழே போய்ப் பார்த்தேன். பங்களாவில் இருக்கிற சன்னல்களையெல்லாம் ஒன்று விடாமல் துடைத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போகாமல் திரும்பி வந்தேன். வரமாட்டாள் என்று முடிவு செய்துகொண்டு பெட்டியை அடுக்கினேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன் என்று ஒன்றைச் சொல்லலாம். மற்றதற்கு என்ன சொல்வது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கஸ்டர்டு வந்தது. நன்றாகவே இருந்திருக்கும். பாதியில் வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் கீழே இறங்கியபோது முன் ஹாலில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பக்கத்தில் அக்கா. நீலக் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள். மேனேஜர் ஜகந்நாதன் கோட்டுப் போட மறந்து பனியனோடு நின்றிருந்தார்.

"ஆயா, சனிக்கிழமை பதினாலு பேர் வர்றாங்க. நீ இப்போ போறேன்னா நான் என்ன செய்வேன்? திடீர்னு மலேயாவில் உனக்கு யாரு?"

"எங்கம்மா" என்றாள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து ரிஜிஸ்தர் மேல் வைத்தாள். "செவப்புத் துணி கட்டனது மேல் ரூமு. வெள்ள, துணி பீரோ. கயிறு கட்டனது சாமான் ரூமு, அது இடது பக்கமா திருப்பினாத்தான் தொறக்கும். ஜன்னலெல்லாம் தொடச்சிட்டேன். பதினாலு பேரு வந்தா மாடி போர்வ பத்தாது, கீழ் பீரோல கீது."

அவர் சாவியைப் பார்த்தபடியே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஆமாம், அதே முகம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஜட்காவுக்கு ஆள் அனுப்பினார். மனுஷர் நல்லவர். பெட்டியை அவரே தூக்கி வண்டியில் வைத்தார்.

வண்டி ரோட்டில் ஏறியதும் அக்கா சொன்னாள்.

"எனக்கு அதுகிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வரேன். கேட்டுட்டு வந்துடுவேன். நீ பாட்டுக்கு வேற எதுனா நெனச்சிக்காத."

நினைக்கவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு பாஸ்போர்ட், அனுமதிக் கடிதம், அம்மை குத்தியதற்குச் சான்று என்று சென்னையில் அலைந்த அலைச்சலை நான் எழுதப் போவதில்லை. என் விடுப்பு சம்பளமில்லாத விடுப்பாக நீண்டது என்று சொன்னால் போதும். செய்யூரிலிருந்து திரும்பிய சாமியார் எழுதிக் கொடுத்த கடிதம் உதவியது. கப்பலில் ஏழு நாளும் அக்கா வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். ஒன்பது வயதில் பயந்தது சரிதான் என்று ஒரு நாள் சொன்னாள்.

அம்மா அவளைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நன்றாக இருந்த இடது கையால் அவள் முகத்தைத் தடவினாள். அக்கா கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், கஞ்சி ஊட்டினாள். என்னைவிட நன்றாகச் செய்தாள். அம்மா அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். அக்கா இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை.

அக்கா அதைக் கேட்டது வந்த பன்னிரண்டாம் நாள் சாயங்காலம். மழை பெய்து விட்டிருந்தது. அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, பின்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குக் கதவ ஏம்மா சாத்துன?"

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். நான் இரண்டு புடவை மடித்து முடிக்கும் வரை ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

"உங்கப்பன்… பின்னாலியே… வந்துகினு இருந்தான். நீ… அவன் கண்ணுல… படக்கூடாதுன்னு."

 அக்கா சிக்கெடுத்து, மூன்று காலாகப் பிரித்து, நுனி வரை பின்னி முடித்தாள். பிறகு அந்தப் பின்னலை அவிழ்த்துவிட்டு, மறுபடியும் உச்சியிலிருந்து வாரத் தொடங்கினாள்.